பழனாத்தாளுக்குச் செய்த சீன வைத்தியம்

அநீதி இழைக்கப்பட்டவர் பெயர் பழனாத்தாள். சிங்காநல்லூர் நூல் மில் ஒன்றில், புளோரூமில் பஞ்சு பிரிப்பவர், எங்கள் பின்வீட்டு அக்கா. இழைக்கப்பட்ட அநீதி என்னவென்றால், அவரை முழுமையாகக் குணப்படுத்திவிட்டார்கள்.

பஞ்சுத் தூசியில் அவருக்கு மூச்சிழுப்பு. "இன்ஹேலரை விட்டுறாதீங்க. தூசி இல்லாத டிபார்ட்மெண்டுக்கு மாத்திக் கேளுங்க" என்று டாக்டர் ரம்லா சொல்லியனுப்பினார். அக்கா போய் மில்லின் லேபர் ஆபீசர் கோவிந்தராஜுலு முன்னால் நின்றார். ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். ஆனால் நிர்வாகம் என்று ஒன்று இருப்பதே எதையும் கனிவுடன் பரிசீலிக்கத்தானே?

அந்த நேரம் பார்த்து, மெஷின் வாங்கச் சீனா போன சின்ன முதலாளி சசிதர், மெஷின் கட்டுப்படியாகாமல் மூலிகைப் பெட்டிகளோடு திரும்பியிருந்தார். போன வருஷம் வாஸ்து பார்த்து வாசலை இடித்த கோவைப் பெரிய மனிதர்களுக்கு இந்த வருஷம் சீன மூலிகை. நோய் நாக்கில் தெரியுமாம். ரேஸ்கோர்ஸில் காலை நடை போகிறவர்கள் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக்கொண்டார்கள். எங்கம்மாவே கோவிந்தராஜுலுவிடம் சொல்லிவைத்துப் பொட்டலம் வாங்கினார், தும்மலுக்கு.

அக்காவுக்கும் கொடுக்கலாமா என்று நிர்வாகம் டாக்டர் ரம்லாவிடம் கேட்டதற்கு, "என்ன மூலிகைன்னு எனக்குக் காட்டிட்டு, கூடச் சேர்த்துக் குடிக்கலாம். ஆனா இன்ஹேலர் நிக்கக்கூடாது, தூசி ஆகாது" என்றார். இதில் "குடிக்கலாம்" என்பதை மட்டும் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. ஆஸ்துமா துணைச் சிகிச்சைப் பிரிவு ரிப்பன் வெட்டித் திறக்கப்பட்டது.

"ஏனுங்க, எனக்கு டிபார்ட்மெண்ட் மாத்திக் குடுத்தாப் போதுமுங்க."

"அது முதன்மைச் சிகிச்சைங்க அம்மணி. இப்ப வந்திருக்கறது துணை. முதன்மை பின்னால வருமுங்க. நாக்கை நீட்டுங்க" என்றார் கோவிந்தராஜுலு.

அக்கா நீட்டினார்.

"செக்கச்செவேல்னு இருக்குது. உள்சூடு."

"வெத்தலைங்க."

"வெத்தலைன்னு நீங்க நெனைக்கறீங்க."

பஞ்சுத்தூசி பட்டால் மூலிகை கெட்டுவிடும் என்பதால், அதற்கென்று இரட்டைக் கதவு, ஏ.சி., பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் வைத்து ஒரு அறை தயாரானது. கஷாய நாற்றத்துக்கு அடுப்படியில் நிற்க யாரும் வரவில்லை. நோயாளியே காய்ச்சட்டும் என்று அக்காவை அங்கே போட்டார்கள்.

இழுப்பு நின்றது. தண்ணீர் லாரிக்காரனோடு அக்கா மூச்சு வாங்காமல் சண்டை பிடிப்பதை நாங்களே கேட்டோம்.

மில்லில் அக்காவுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். யூனியன் தலைவர் திருமலைசாமி சும்மா இருப்பாரா? "ஒருத்தருக்கு மட்டும் மருந்தா?" என்று கேட் மீட்டிங் போட்டார். நிர்வாகம் பணிந்தது. எல்லா ஷிப்டுக்கும் கஷாயம் என்ற மாபெரும் வெற்றியைப் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். குணமான பழனாத்தாளைத் திரும்பப் புளோரூமுக்கே அனுப்பினார்கள்.

ஒரே வாரம்தான். ராட்டினம் கிறீச்சிடுவதுபோல் அவர் நெஞ்சு கத்தியது. கோவிந்தராஜுலுவைப் பார்க்க நான் கூடப் போனேன்.

"சார், அந்த ரூம்ல தூசி இல்லாததாலதான் அக்காவுக்குக் கொணமாச்சு."

"கொணமானதை ஒத்துக்கறீங்க. கொணமானவங்களை சிகிச்சைப் பிரிவுல வெச்சிருக்கலாமுங்களா?"

"இப்பத் திரும்ப இழுக்குதுங்களே."

"அதுக்குத்தான் கேட்லயே கஷாயம் ஊத்தறோம்."

அக்கா இன்ஹேலரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "அந்த ரூமைக் கூட்டற வேலையாச்சும் குடுங்க சாமி" என்றார்.

"அங்கதான் தூசியே இல்லீங்களே. எதைக் கூட்டுவீங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சரிங்க சார். யாரையும் மாத்த வேண்டாம். அந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழட்டிப் புளோரூம்ல மாட்டிருங்க. அங்க இருக்கற எல்லாருக்கும் ஆகும்."

கோவிந்தராஜுலு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"ஏனுங்க அம்மணி, படிச்ச புள்ள பேசற பேச்சுங்களா இது? ஃபேனைக் கழட்டிப்போட்டா மூலிகை மேல தூசி படியாதுங்களா? உங்கம்மா குடிக்கிற மருந்துங்க."