வெள்ளிக்கிழமைக்குள் கறுக்க வேண்டும்

“கறுக்கும்னு சொன்னியே?”

கருப்பையா கண்ணாடியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். தூரத்தில் இருந்த நிறம்தான் கிட்டத்திலும் இருந்தது.

“மருதாணி செவக்காம என்ன செய்யும்?” என்றாள் செவந்தி.

“அப்பறம் எதுக்குடி தலையில அப்புன?”

“இரும்புச் சட்டியில ஊறப்போட்டா கறுக்கும்னு சொன்னேன். நம்ம இரும்புச் சட்டியை ஒங்க தங்கச்சி ஆடியில வாங்கிட்டுப் போனாக. இன்னும் வரலை. மண்சட்டியிலதான் ஊறுச்சு. அதுக்கு நானா பொறுப்பு?”

கறுத்த முடியில் மருதாணி அவ்வளவாகத் தெரியாது. வெளுத்த முடியில்தான் நன்றாக ஏறும். கருப்பையாவின் தலையில் கறுத்த முடி என்று ஒன்றுகூடக் கிடையாது. அதனால் மருதாணி ஓர் இடம் விடாமல் வேலை செய்திருந்தது. தலை, ஆலங்குடிச் சந்தைக்கு வரும் முந்திரிப் பழம் மாதிரி இருந்தது. மீசை அதைவிட ஒரு நாள் கூடுதலாகப் பழுத்திருந்தது.

கருப்பையா புதுக்கோட்டை - ஆலங்குடி பஸ்ஸின் டிரைவர். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ் ஓடியபோதே அந்த ரோட்டில் ஓட்டியவர். நரை அப்போதே தொடங்கிவிட்டது. அதை அவர் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. திங்கட்கிழமை வரை.

திங்கட்கிழமை சாயங்காலம் டைம் கீப்பர் மரியசெல்வம் வீட்டுக்கு வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட மறந்துவிட்டார். அது வேலியில் சாய்ந்தது.

“அண்ணே, அறந்தாங்கி போயிருந்தேன். முதலாளி என்னைய உள்ள கூப்பிட்டாரு. ‘நம்ம டிரைவர்ல தலை நரைச்ச ஆளு யாருப்பா?’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அப்படி ஒருத்தரும் இல்லீங்க, எல்லாம் இளவட்டப் பயலுகன்னு அடிச்சு விட்டேன். ஒங்களுக்காகத்தான். அவரு நம்புற மாதிரி தெரியலை. வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு வந்து நேர்ல பாத்துக்கறேன்னுட்டாரு.”

“எதுக்காம்?”

“புது வண்டி வந்து நிக்குதுல்ல? பழைய ஆளைக் கழிச்சிட்டுப் புது ஆளைப் போடத்தான். வேற எதுக்கு நரையைக் கேப்பாக? அவருக்கே நரைன்னா ஆகாதுண்ணே. தாடியைப் பாத்திருக்கீகள்ல?”

முதலாளி முகம்மது சுல்தான் ராவுத்தர் அறந்தாங்கியில் இருப்பவர். ஷெட்டுக்கு எப்போதாவதுதான் வருவார். டிரைவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மருதாணி வைத்துச் சிவந்த அந்தத் தாடி ஒன்றுதான்.

“கழிச்சா என்ன செய்வாக?” என்று கேட்டார் கருப்பையா.

“வண்டி கழுவ விடுவாக. இல்லாட்டி கேட்டுல உக்காரச் சொல்லுவாக.”

கருப்பையா எழுந்து நின்றார்.

“ஸ்டீரிங்கை விட்டு என்னைய எறக்க ஒருத்தன் பொறந்து வரணும்” என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, “ஏய் செவந்தி, கொல்லையில மருதாணி நிக்குதா?” என்று கேட்டார்.

அப்படித்தான் முந்திரிப் பழம் வந்தது.

செவ்வாய்க்கிழமை துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வண்டி எடுத்தார். மீசைக்குத் துண்டு கட்ட முடியவில்லை. அடுத்த வண்டி டிரைவர் குமரப்பன் ஜன்னலோரம் வந்து நின்றான். சுருட்டை முடி. எல்லாம் கறுப்பு.

“என்னண்ணே, பேருல கருப்பு, மீசையில செவப்பா? கட்சியில சேந்துட்டீகளா?”

“போடா அங்கிட்டு” என்றார் கருப்பையா. ஹாரனை அமுக்கினார். ரோட்டில் யாரும் இல்லை.

சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்கே போய் இரும்புச் சட்டியை வாங்கி வந்தார். யாரோ சொன்னார்கள் என்று செவந்தி அவுரி இலை பறித்து வந்தாள். மருதாணிக்கு மேல் அவுரி போட்டால் காக்கைக் கறுப்பு வருமாம். இருவரும் கொல்லையில் உட்கார்ந்தார்கள். அவள் முடியைப் பிரித்துப் பிரித்துப் பூசினாள். முதல் நாள் அரைத்த மருதாணியில் அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. கருப்பையா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தலையை ஆட்டாதீங்க.”

“ஆட்டலை.”

“எனக்கு நரைச்ச தலைதான் புடிச்சிருந்துச்சு” என்றாள் அவள்.

“ஒனக்குப் புடிச்சா போதுமா? நீயா புது வண்டி வாங்கியிருக்க?”

மறுநாள் காலையில் அலசினார்கள். காது ஓரத்தில் கறுத்திருந்தது. உச்சியில் சிவப்பு அப்படியே இருந்தது. நடுவில் ஒரு சுற்று, கோடையில் வற்றிய குளத்துப் பாசி மாதிரிப் பச்சை.

செவந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்காத” என்றார் கருப்பையா.

“சிரிக்கலைங்க. சாமி சத்தியமா சிரிக்கலை.” தோள் குலுங்கியது.

அன்று முழுவதும் துண்டை அவிழ்க்காமலே ஓட்டினார். ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடியே யோசித்தார். முதலாளி துண்டை அவிழ்க்கச் சொன்னால்? சொல்லத்தான் செய்வார். தலையைப் பார்க்கத்தானே வருகிறார்?

வியாழக்கிழமை அரிக்கேன் விளக்கில் படிந்த கரியை வழித்து, விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினாள் செவந்தி. தலையும் மீசையும் கன்னங்கரேல் என்று ஆயின. கருப்பையா இருபது வயது குறைந்து ரோட்டில் இறங்கினார். துண்டு தோளில் கிடந்தது. குமரப்பன் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். அதிலேயே பாதி வெற்றி.

ஆனால் டிரைவர் ஸீட்டுக்குப் பக்கத்திலேயே என்ஜின். வெயில் ஏற ஏற என்ஜின் சூடும் ஏறியது. பாதி வழியில் விளக்கெண்ணெய் இளகியது. கரி நெற்றியில் இறங்கி, கண்ணில் விழுந்து, எரிந்து, கன்னம் வழியாகக் கீழே ஒழுகியது. கண்ணைத் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் பெருகியது. அதற்காகக் கருப்பையா வண்டியை நிறுத்தவில்லை. அவர் எதற்கும் வண்டியை நிறுத்துகிறவர் அல்ல.

முன் ஸீட்டில் இருந்த ஆவுடையாள் என்ற வெற்றிலைக்காரி பயந்துபோனாள்.

“என்னண்ணே, அழுவுறீக?”

“அழுவலை.”

“குடும்பத்துல எதுவும்...”

“ஒண்ணுமில்லைன்னா விடுத்தா!”

அவர் குரல் தழுதழுத்தது. கரி தொண்டைக்கும் போயிருந்தது. ஆலங்குடியில் இறங்கிய அத்தனை பேரும் டிரைவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் வண்டியை விட்டதும் கருப்பையா நேராகச் சலூனுக்குப் போனார். இனி ஒரே வழிதான். முடி இருந்தால்தானே நரை?

“மொட்டை அடி” என்றார்.

சலூன்காரர் தலையைப் பார்த்தார். சிவப்பு, பச்சை, கறுப்பு மூன்றும் தெரிந்தன. கேட்கவில்லை. அடித்தார்.

“மீசையையும் எடு.”

கத்தி நின்றது.

“மீசையுமா?”

“எடுய்யா.”

சலூன்காரர் மெல்லக் கேட்டார். “ஆலங்குடியில ஒங்க அப்பா... போன மாசம்கூட நடந்து போனதைப் பாத்தேனே.”

“நடந்துதான் போவாரு. பேச்சைக் கொறைச்சு வேலையைப் பாரு.”

அவர் வேலையைப் பார்த்தார். முடிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார். கருப்பையாவின் தோளில் கையை வைத்து, “தைரியமா இருக்கணும். எல்லாருக்கும் உள்ளதுதான்” என்றார்.

வேலை போகப்போவது ஊருக்கே தெரிந்துவிட்டதென்று கருப்பையா நினைத்தார்.

தலையும் மீசையும் சேர்ந்து போனால் அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அப்பன் போய்விட்டான். பகலில் அழுதுகொண்டே வண்டி ஓட்டியவன், சாயங்காலம் மீசை எடுத்தவன். சாட்சி சொல்ல ஒரு பஸ் நிறைய ஆள் இருந்தது. கடைசி வண்டியின் கண்டக்டர் செய்தியை ஆலங்குடிப் பக்கம் இறக்கிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் கருப்பையா மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டை ஷெட்டுக்குள் நுழைந்தபோது பேச்சு சட்டென்று நின்றது. குமரப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். மரியசெல்வம் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

“ஏண்ணே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கக் கூடாதா?”

“எதை?”

“டிரைவர் ஒருத்தரு வீட்டுல துக்கம்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். பதினாறு முடியிற வரைக்கும் ஒங்களுக்கு லீவு. நீங்க வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டாரு. ஒங்க வண்டியை இன்னைக்குக் குமரப்பன் எடுக்குறான்.”

கருப்பையாவுக்கு மெல்லத்தான் விளங்கியது. விளங்கியதும் கத்தினார்.

“எங்க அப்பா சாகலைய்யா!”

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு கிளீனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரியசெல்வம் கருப்பையாவை ஒரு டயர் மேல் உட்கார வைத்தார்.

“அப்படித்தாண்ணே இருக்கும். எங்க அப்பா போனப்ப நானும் இதையேதான் சொன்னேன். மனசு ஒத்துக்காது.”

“யோவ், உசுரோட இருக்காருய்யா!”

“இருக்காரு, இருக்காரு. மேல இருந்து நம்மளைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. ஒரு சோடா வாங்கிட்டு வாங்கடா.”

“வண்டிச் சாவியைக் குடு.”

“குமரப்பா, சாவியைப் பைக்குள்ள வையி.”

கருப்பையா சோடாவைத் தட்டிவிட்டார். நேராகப் போய் தன் வண்டியின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எறக்குங்கடா பாப்போம்!”

யாரும் இறக்கவில்லை. துக்கத்தில் இருப்பவரை யார் தொடுவார்கள்?

அப்போது ஆலங்குடியிலிருந்து முதல் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து எலும்பும் நரம்புமாக ஒரு கிழவர் இறங்கினார். கையில் பெரிய ரோஜா மாலை. பின்னால் கருப்பையாவின் தங்கச்சி, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டே வந்தாள். அழுத முகம் இன்னும் காயவில்லை.

“எங்கடா அவன்?” என்றார் கிழவர்.

ஷெட்டே விலகி வழிவிட்டது. கருப்பையாவின் அப்பா வண்டி ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார்.

“விடியக்காலம் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒன் தங்கச்சி மாரடிச்சுக்கிட்டு வந்து விழுவுறா. பின்னாடியே பங்காளிக இந்த மாலையோட நிக்கிறாக. ஏண்டா, நான் செத்ததை எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமாடா?”

“அப்பா, அது வந்து...”

“மீசையை எங்கடா?”

இதற்குப் பதில் சொல்வதற்குள் ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. முகம்மது சுல்தான் ராவுத்தர் வெளியே வந்தார். காலை வெயிலில் தாடி ஜொலித்தது. அவருடன் கையில் குடையும் மூக்குக் கண்ணாடியுமாக ஓர் அம்மாளும் வந்தார்.

“என்னப்பா கூட்டம்? யாரு மவுத்தானது?” என்றார் முதலாளி.

“நான்தாங்க” என்றார் கிழவர், மாலையைத் தூக்கிக் காட்டி.

முதலாளி மரியசெல்வத்தைப் பார்த்தார். மரியசெல்வம் வானத்தைப் பார்த்தார்.

கருப்பையா வண்டியிலிருந்து குதித்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. துண்டை உருவித் தரையில் எறிந்தார். மொட்டைத் தலை பளபளத்தது.

“முதலாளி, தலையைப் பாக்கத்தானே வந்தீக? நல்லாப் பாத்துக்கங்க. ஒத்த நரை கெடையாது. மீசையிலயும் கெடையாது. இனி எதைச் சொல்லி என்னைய எறக்குவீக? கரி பஸ் காலத்துல இருந்து ஓட்டுறேன். ஒரு கோழிக்குஞ்சு என் சக்கரத்துல விழுந்ததில்ல. வண்டி கழுவ மாட்டேன். கேட்டுல உக்கார மாட்டேன். புது வண்டியைக் குடுத்தா ஓட்டுறேன். இல்லையா, பழசையே ஓட்டுறேன். ஓட்டத்தான் செய்வேன்!”

கிழவர் மாலையைக் கீழே இறக்கினார்.

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார். கருப்பையா சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை என்பது தெரிந்தது. ஆனால் மீதிப் பாதி பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாளிடம் திரும்பினார்.

“இவுக பொம்பளப் புள்ளைக ஹைஸ்கூல்ல பெரிய டீச்சர். ஆலங்குடிப் பக்கத்துப் புள்ளைகளை ஏத்திக் கொண்டாந்து விடத்தான் புது வண்டியே வாங்குனது” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். “டீச்சரம்மா, நீங்க கேட்ட மாதிரி ஆளு நம்மகிட்ட இல்லைன்னு சொல்லிட்டாக. இவரு பழைய கை. நெஞ்சுல தைரியம் இருக்கு. இவரையே போட்டுரவா?”

கருப்பையா நெஞ்சை நிமிர்த்திக் குமரப்பனை ஒரு பார்வை பார்த்தார்.

பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மழித்த தலையையும் மீசை இல்லாத உதட்டையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் ஓரடி ஒதுங்கி நின்றார்.

“இவரு வேண்டாங்க ராவுத்தரய்யா, பாத்தாலே பயமா இருக்கு; போன வாரம் வரைக்கும் ஆலங்குடி வண்டி ஓட்டினாரே, தலையும் மீசையும் பஞ்சா வெளுத்த ஒரு பெரியவர், அவரு ஓட்டுனாத்தான் பொண்ணுகளை அனுப்புவோம்னு பெத்தவுக எல்லாம் ஒத்தக் கால்ல நிக்கிறாக, அவரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?”