ஓய்வுபெற மறுத்த இடது கால்

நம்மிடையே ஓர் இனம் இருக்கிறது. பிறர் ஒரு வேலை செய்வதைச் சும்மா நின்று பார்க்க அதனால் முடியாது. நீங்கள் ஆணி அடித்தால் சுத்தியலைப் பிடுங்கும். கார் ஓட்டினால் பக்கத்து இருக்கையில் இருந்தபடி இல்லாத பிரேக்கை மிதிக்கும். "தள்ளு, நான் காட்டுறன்" என்பதே அதன் குலமொழி. ஒரு காலத்தில் அந்த வேலையை அது உண்மையிலேயே நன்றாகச் செய்திருக்கும். அதுதான் சிக்கலே.

இந்த இனத்தில் முற்றிப் பழுத்த வகை எது தெரியுமா? உதைபந்தாட்டப் பயிற்சியாளர்.

மிலோராட் ஸ்டாங்கிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்பியாவில் பிறந்து, யூகோஸ்லாவியாவின் முதற்பிரிவில் ஆடி, இடது காலால் அடித்த ப்ரீகிக்குகளால் கோல்காப்பாளர்களின் தூக்கத்தைக் கெடுத்து, வயது முப்பதைத் தாண்டியதும் சுவிட்சர்லாந்துக்கு ஆட வந்து, முழங்காலைச் சத்திரசிகிச்சைக்காரரிடம் கொடுத்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் பாடன் நகருக்கு அருகே ஒரு சின்னக் கழகத்தின் பயிற்சியாளராக வந்து இறங்கியவர். பகலில் தொழிற்சாலை, மாலையில் மைதானத்துக்கு மகாராஜா. பயிற்சி என்றால் என்ன? ஆட்டக்காரர்கள் வரிசையாகக் குளிரில் விறைத்து நிற்பார்கள். அவர் அடித்துக் காட்டுவார். வலைக்குள் போனால், "பார்த்தீர்களா?" போகாவிட்டால், "இந்த நாட்டுப் புல்லே சரியில்லை." வென்றால் திட்டம் அவருடையது. தோற்றால் பழிபோட மத்தியஸ்தர் இருக்கவே இருக்கிறார்.

அந்தக் கழகத்தில் வலது ஓரத்தில் ஆடியவன் பாலேந்திரன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பாடனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவன். சமையலறையில் அவனை எல்லோரும் "ஹே" என்றுதான் கூப்பிட்டார்கள். மைதானத்தில் மட்டும் வேலியோரம் நின்ற கிழட்டுச் சுவிஸ்காரர்கள், "பாலா! பாலா!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும்வரை அவனைத் தாங்கிப் பிடித்தது அந்தச் சத்தந்தான்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. சமநிலை போதும். தோற்றாலோ கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். மிலோராட்டின் பதவியும் கூடவே இறங்கும். முதலில் எதிரணி ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு பாலேந்திரன் எதிரில் வந்தவர்களையெல்லாம் வெட்டி ஓடிப்போய் ஒன்று போட்டான். வேலியோரம் அதிர்ந்தது. மிலோராட்டும் கைதட்டினார். சம்பந்தியின் புதுவீட்டைச் சுற்றிப் பார்த்துப் பாராட்டுகிறவரின் கைதட்டல் அது. உங்களுக்குத் தெரியாததா?

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் பெனால்டிப் பெட்டிக்குச் சற்று வெளியே ஒரு ப்ரீகிக் கிடைத்தது. இடது காலுக்கென்றே அளந்து வைத்த இடம். மிலோராட்டுக்குக் காது அடைத்தது. நெஞ்சுக்குள் ஓர் அரங்கமே எழுந்து நின்று ஆரவாரித்தது. காற்சட்டையைச் சட்டென்று கழற்றினார். பயப்படாதீர்கள், உள்ளே ஆட்டக்காரரின் சீருடை தயாராக இருந்தது! தம் பெயரை அவர் இன்னும் ஆட்டக்காரர் பட்டியலிலும் பதிந்து வைத்திருந்தார்.

"பாலா, வெளியே வா."

"திரெய்னர், எனக்குக் களைப்பில்லை," என்றான் பாலேந்திரன், தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

"தெரியும். ஆனால் இது என்னுடைய இடம்."

போனார். புல்லைத் தட்டிச் சீராக்கினார். ஓடிவந்து அடித்தார். பந்து ஆட்டக்காரர் சுவரைத் தாண்டி, கோலைத் தாண்டி, மைதான வேலியையும் தாண்டி, பக்கத்துப் பண்ணையில் மேய்ந்துகொண்டிருந்த பசுக்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர் முழங்காலைப் பிடித்தபடி அங்கேயே குந்திவிட்டார். எதிரணிக் கோல்காப்பாளர் வேறு பந்தை எடுத்து வைத்து நீளமாக உதைத்தார். பாலேந்திரன் காத்து நின்றிருக்க வேண்டிய வலது ஓரம் ஆளில்லாமல் கிடந்தது. எதிரணி அந்த வழியாகவே ஓடிப்போய்க் கோல் போட்டது. கடைசி விசில்.

வேலியோரம் நின்ற குகநாதன், பாலேந்திரனின் அறைத்தோழன், கொதித்தான். "என்னடா, உன்ர திரெய்னருக்கு விசரோ?"

"ஓம்."

"உனக்குக் கோவம் வரேல்லையோ?"

"வருகுதுதான். ஆனா அடிக்கப் போகேக்க அந்தாளின்ர முகத்தைப் பாத்தனியோ? தாலி கட்டப் போற மாப்பிளை மாதிரி. அந்த முகத்தோட எப்பிடியடா சண்டை பிடிக்கிறது?"

கழகம் மிலோராட்டை அனுப்பிவிட்டது. வீட்டில் மனைவி லியூபிட்சா, "மத்தியஸ்தரா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். "இல்லை," என்றார். அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சில நாள் கழித்து அவர் உணவகத்தின் பின்கதவில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். இந்த இனத்துக்கு அந்தச் சொல் மட்டும் எந்த மொழியிலும் வராது. பாலேந்திரன் ஒரு பெரிய சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சிறிது நேரம் பார்த்தார். பொறுக்கவில்லை.

"இப்படியா தேய்ப்பது? கொடு இங்கே."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அந்தச் சட்டியைக் கழுவினார். அடுத்ததையும் கழுவினார். குவிந்திருந்த கோப்பைகள் எல்லாவற்றையும் கழுவினார். பாலேந்திரன் தடுக்கவில்லை, பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினான். கடைசிக் கோப்பையை நீட்டும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல், "நல்ல கோல்," என்றார் மிலோராட்.

இலையுதிர் காலத்தில் வேறொரு கழகம் அவரை எடுத்தது. அதிசயமா என்ன? பயிற்சியாளர்கள் ஒழிவதில்லை, இடந்தான் மாறுவார்கள். போகும்போது பாலேந்திரனையும் கூட்டிக்கொண்டு போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. அந்த ப்ரீகிக்கை அவர் அடித்தபோது, 'அட, கொஞ்சம் தாழ்வாக வளைத்திருக்கலாமே!' என்று மேசைக்கு அடியில் உங்கள் கால் ஒருதரம் துடித்ததே, அதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்?