இடுமருந்தும் ஒரு தீக்குச்சியும்

2003 ஆடி மாதம் ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறியவர்களை, மருந்தெடுக்கவா என்று கண்டக்டரே கேட்டுவிடுவார். இல்லை என்று சொன்னவர் அபூர்வம். செய்யாரில் சர்க்கரை ஆலை ஷிப்டு முடித்தவர்கள் தூக்கக் கண்ணோடு வந்தார்கள். வந்தவாசிக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். பொய் சொல்வானேன், நானும் டோக்கன் வாங்கினேன். நூற்றுப் பதினேழு. எனக்கு இருந்த நோய் ஏப்பம்.

மூடிக்கிடந்த நெல் மில்லில் உட்கார்ந்திருந்தவர் பெயர் குழல் சாமி. எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சாமி ஆகியிருக்க மாட்டார். நோயாளியின் வயிற்றில் பித்தளைக் குழலை வைப்பார், கன்னம் குழிய உறிஞ்சுவார், தண்ணீர்ச் சட்டியில் துப்புவார். கறுப்பாக ஓர் உருண்டை விழும். மாவு, தலைமயிர், அதைச் சுற்றிச் சிவப்பு நூல். வேண்டாதவர்கள் உங்கள் சோற்றில் வைத்த இடுமருந்து அதுதான். வயிற்றில் ஓட்டையே இல்லாமல் அது எப்படி வெளியே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தெய்வ குத்தமாம்.

ஆரணியில் எங்கள் தெரு மாணிக்கவேலையும் அங்கே கூட்டிவந்தார்கள். முப்பது வருஷமாகப் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார். வேலூரில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கல்லீரலில் புற்றுக்கட்டி, இப்போது சின்னதுதான், வெட்டி எடுத்துவிடலாம், திங்கட்கிழமை வந்து படுங்கள் என்று சொல்லியிருந்தார். தள்ளிப்போட்டால் தன் கையில் இல்லை என்றும் சொல்லியிருந்தார். மாணிக்கவேலின் அப்பாவும் அண்ணனும் இதே மாதிரி வயிறு வீங்கிப் போனவர்கள்.

குழல் சாமி ஓர் உருண்டையை உறிஞ்சி எடுத்துவிட்டு, இன்னும் வேர் உள்ளே இருக்கிறது, கத்தி பட்டால் மருந்து தலைக்கேறும், ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே என்றார். அதற்கு அவர் சொன்ன நியாயத்துக்கு ஊரே தலையாட்டியது. மாணிக்கவேலும் தம்பி துரைக்கண்ணுவும் ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. தம்பி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், அண்ணன் மட்டும் ஏன் உருகுகிறான்? அவன் தட்டில் மட்டும் யாரோ வைத்திருக்கிறார்கள். வைத்த கை எது என்று சனிக்கிழமை சொல்கிறேன் என்றார்.

அந்த முதல் உருண்டையை ஏரியில் கரைத்துவிட்டு வரச் சொல்லி, துரைக்கண்ணுவின் மனைவி சூர்யகலாவிடம் கொடுத்தனுப்பினார்கள். அவள் மாவைக் கரைத்தாள். நூலை மட்டும் வைத்துக்கொண்டாள். பதினைந்து வருஷம் தறியில் பாவு நூல் பிணைத்த விரல், நூலைத் தொட்டால் சும்மா இருக்குமா?

சனிக்கிழமை வந்தது. சாமி உறிஞ்சினார், துப்பினார், சிவப்பு நூலைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்துக்குங்க, அசல் பட்டு. இவங்க வீட்டுத் தறியிலயே அறுத்து மருந்தைச் சுத்தியிருக்கு. அடுப்படியில நிக்கிற கை."

அடுப்படியில் நிற்பது சூர்யகலாதான். கூட்டம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. மாணிக்கவேலின் மனைவி சாவித்திரி, நேற்றுவரை அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவள், உன் அம்மா வீட்டுக்குப் போயிடு என்று அழுதாள். சூர்யகலாவுக்குப் பழியைவிட, ஆபரேஷனுக்குச் சொன்ன திங்கட்கிழமை தப்பிவிடுமோ என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, காய்ந்த நூலை எடுத்தாள்.

"சாமி, மொத நாள் எடுத்ததும் இதே பட்டுதானுங்களா?"

அதே பட்டுதான் என்றார் சாமி. பாவம், வெளியூர்க்காரர். பட்டு நெய்கிற ஆரணிக்காரர்கள் முன்னால் நின்றுகொண்டு இதைப் பட்டு என்று சொல்லலாமா?

அவள் தீப்பெட்டி கேட்டாள். நாலு பாக்கெட்டிலிருந்து நாலு பெட்டி வந்தது. அசல் பட்டு எரிந்தால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அவள் கொளுத்தியதும் சாமியின் பட்டு சுருண்டது, உருகியது, கறுப்பு மணியாகக் கெட்டித்தது. அவள் அதை மாணிக்கவேலின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை.

"பாலியஸ்டரு," என்றார். "நம்ம தறியில இது ஏதும்மா?"

மந்திரச் சூட்டில் பட்டு மாறிவிட்டது என்றார் சாமி. அதற்கும் பத்துத் தலைகள் ஆடின, கேளுங்கள்! சூர்யகலா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"சரிங்க. வாயக் கொப்புளிச்சிட்டு, எல்லாருக்கும் திறந்து காட்டிட்டு, அப்பறம் உறிஞ்சுங்க. மருந்து வந்தா நானே அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடறேன்."

விரதம், வாயில் தண்ணீர் படக்கூடாது என்று சாமி முனகினார். காலையிலிருந்து வெற்றிலை பட்ட வாய் அது. துரைக்கண்ணு அவர் தாடையைப் பிடித்தான். கன்னத்து வெற்றிலைக்குள்ளிருந்து இரண்டு உருண்டைகள் விழுந்தன. அடுத்த இரண்டு டோக்கனுக்கு உரியவை. அடிக்கப் பாய்ந்தவர்களில் முன்னால் நின்றவர்கள் எல்லாம் நேற்று அவர் காலில் விழுந்தவர்கள்தான்.

சாவித்திரிக்கு மட்டும் கேள்வி தீரவில்லை. ஒரே பானைச் சோறு, இவருக்கு மட்டும் ஏன் என்றாள். வேலூருக்குக் கூடப் போயிருந்த சூர்யகலா சொன்னாள்:

"டாக்டர் அன்னிக்கே இன்னா கேட்டாரு, அக்கா? நம்ம நெலத்துல வெளையற மல்லாட்டையைப் பத்திக் கேட்டாரு. நல்ல கொட்டையெல்லாம் மண்டிக்குப் போட்டுட்டு, பூசணம் புடிச்ச சொத்தையைத்தான நாம சட்னி அரைச்சுத் தின்னுகினு இருந்தோம்? அந்தப் பூசணத்துல விஷம் இருக்குதாம். வருஷக்கணக்கா தின்னா கல்லீரலைப் புடிக்குமாம். அதைக் கழுவித் தள்ளுற சக்தி சில பேருக்குப் பொறவியிலயே கம்மியாம், அப்பன் வழியா வர்றதாம். மாமாவுக்கு அதுவாவும் இருக்கலாம்னாரு. ஒரே சாயத் தொட்டியில முக்கின ரெண்டு சிட்டம் பட்டுநூலு ஒரே மாதிரியா சாயம் புடிக்குது?"

சாவித்திரி நேராக வீட்டுக்குப் போனாள். பூசணம் பிடித்த வேர்க்கடலைச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குழி தோண்டிக் கொட்டினாள். மாட்டுக்குக்கூட வைக்கவில்லை. ஆக, இடுமருந்து வைத்தது மெய்தான். காசுக்கு நல்லதும் வயிற்றுக்குச் சொத்தையும் என்று வைத்துக்கொண்டோமே, நாமே வைத்துக்கொண்ட மருந்து!

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மாணிக்கவேல் வேலூர் போனார். கட்டியை வெட்டி எடுத்தார்கள். இப்போது அரை நாள் தறியில் உட்காருகிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறார். அதே மில்லில், ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்ற பேச்சைக் கேட்டுத் திங்கட்கிழமைகளைத் தொலைத்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்காக இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

குழல் சாமி வேறு ஜில்லாவில் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. அந்த ஊரில் நெசவாளிகள் இல்லையாம். கெட்டிக்காரர், பாடம் படித்துக்கொண்டார். நாம்தான் படிக்கவில்லை. புடவை வாங்குவதற்கு முன்னால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கிறோம். உயிரை ஒருவன் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தீக்குச்சி கிழிக்க நமக்கு என்னய்யா கேடு?