முத்திரை அண்ணனும் ரீட்டா அக்காவின் வலது கையும்

ஹுன்னஸ்கிரியவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அங்கே மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தேன். உரம் இல்லை, அதனால் மரக்கறி இல்லை, அதனால் நானும் இல்லை. பஸ்ஸுக்கு டீசல் கிடைக்காத வருஷம். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். பனிமூட்டம் முகத்தோடு ஒட்டி நின்றது. குனிந்து பார்த்தால் என் கால்களே எனக்குத் தெரியவில்லை. அந்த மூட்டத்துக்குள்தான், மலைநாட்டிலேயே தன் நெற்றிக்காக அதிகம் பயந்த மனிதரைச் சந்தித்தேன்.

ரோட்டோரத்து டெலிபோன் கோபுரத்தின் அடியில் நின்றார். கம்பளித் தொப்பி புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. வலது கையில் மட்டும் கறுப்புக் கையுறை. கோபுரத்தின் இரும்புக் காலில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பேய் என்று நான் நினைக்கவில்லை. பேய் ஸ்பேனர் பை தூக்கிக்கொண்டு வராது.

கண்ணைத் திறந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. "ஊசி போட்டியா தம்பி?" என்றுதான் கேட்டார்.

கொரோனா ஊசியைச் சொல்கிறார் என்று புரிந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று இரண்டும் போட்டேன் என்றேன். கிட்டே வந்து என் தோள்பட்டையில் காதை வைத்தார். எடுக்கவே இல்லை. எங்கோ இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னண்ணே கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கல" என்றார். "அதுதான் பயமா இருக்கு."

அவர் கேஸ் அடுப்பு திருத்துகிறவர். நாட்டில் கேஸே இல்லாத வருஷத்தில் அதைவிட மோசமான தொழில் இருக்க முடியாது. மலையில் ஒரு பங்களாவில் வேலை இருக்கும் என்று ஏறி வந்து, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். கண்டியில், ஹந்தானைக்கு ஏறுகிற ரோட்டில், அவர் பார்த்துக்கொள்ளும் ஒரு போர்டிங்கில் அறை இருக்கிறது என்றார். வாடகை பிறகு பேசலாம் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பிறகு இருக்கப்போவதில்லை என்பதுபோல அனுதாபமாகச் சொன்னார்.

போர்டிங்கில் எல்லோரும் அவரை முத்திரை அண்ணன் என்றார்கள். கடைசிக் காலத்தில் மிருகத்தின் முத்திரையை நெற்றியிலோ வலது கையிலோ போடுவார்கள் என்று வேதாகமத்தில் வருகிறதல்லவா, அந்த முத்திரை ஊசிக்குள் இருக்கிறது, டெலிபோன் கோபுரம் அதோடு பேசும் என்பது அவருடைய முடிவு. ஊசியைத் தோளில்தானே போடுகிறார்கள் என்று யாரோ கேட்டதற்கு, உள்ளே போனது நடந்து கைக்கு வரும் என்றார். கடை வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினால் நெற்றியைப் பொத்திக்கொள்வார். சரி, கையைக் காட்டுங்கள் என்றால் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார். கண்டி டவுனில் இடது முழங்கையில் காய்ச்சல் பார்க்கப்பட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கையுறையோடு சோறு பிசைய முடியாது என்பதால் கரண்டியால் சாப்பிடுவார். புதிதாக வருகிறவர்கள் பெரிய இடத்து மனுஷர் என்று எழுந்து நிற்பார்கள். மாதா கோவிலில் இன்னும் கஷ்டம். சிலுவை அடையாளம் போட வலது கை நெற்றிக்குப் போக வேண்டும். ஆபத்தான இரண்டு இடமும் சந்திக்கிறது. உறையோடு தொப்பியைத் தொட்டு ஒப்பேற்றுவார். விபூதிப் புதனன்று சாம்பலை இடது உள்ளங்கையில் தரும்படி கேட்டார். சாமியார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போனார். எல்லோரும் ஊசி போடுங்கள் என்று அதே சாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது, அண்ணன் என் காதுக்குள் விளக்கம் சொன்னார். "சாமி பேசல தம்பி. சாமிக்குள்ள போன ஊசி பேசுது." ஊசி போட்டவன் பேச்சு செல்லாது, ஏனென்றால் போட்டவன். போடாதவன் பேச்சும் செல்லாது, அவனுக்கு என்ன தெரியும். கடைசியில் செல்லுபடியாகிற வாய் உலகத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

சிரித்துக்கொண்டு கேட்கலாம். ஆனால் அந்த வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். ஊசி போட்டவர்கள் எல்லோரும் சீக்கிரத்தில் ஒரே நாளில் விழுவார்கள் என்று அவர் நம்பினார். போர்டிங்கில் அவரையும் சமையல்கார ரீட்டா அக்காவையும் தவிர எல்லோரும் போட்டவர்கள். சாப்பாட்டு மேசையில் எங்களைச் சுற்றிப் பார்ப்பார், சேமக்காலைக் கல்லறைகளில் பெயர்களை வாசிக்கிற மாதிரி. நாம் மென்றுகொண்டிருப்பதை ஒருவர் இரக்கத்தோடு பார்த்தால் சோறு எப்படி இறங்கும்? அறைக்கு வெளியே பனி அப்பிக்கிடக்கும் விடியலில் என் கதவில் தட்டுவார்.

"இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"சரி சரி. இரு."

போகிறவர்கள் என்பதால் எங்களுக்கு நல்ல மீன் துண்டு. தன் தலையணையை எனக்குக் கொடுத்தார். என் அடக்கத்துக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டு, நான் முழித்ததும், பரவாயில்லை, நானே ஒன்று பார்த்து வைக்கிறேன் என்றார். தாயும் இல்லாமல் தங்குமிடமும் இல்லாமல் திரிந்த எனக்கு, என்னைச் செத்தவனாக நினைத்த ஒருவர்தான் முதன்முதலில் தலையணை தந்தார்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஞானஸ்நானம் எடுத்திருக்கிறேன்; அதற்கு மேல் வேதம் பேசத் தகுதி இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் செபிப்பது எனக்குக் கேட்கும். அதில் ஆண்டவரின் பெயர் வந்ததைவிட ஊசியின் பெயர் அதிகம் வந்தது. சாத்தானால் எல்லாம் முடியும், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் உலகத்தையே அடைக்க முடியும் என்று உறுதியாக நம்பினார். ஆண்டவரால் ஊசி போடுகிற ஒரு தாதியை நல்லவளாக வைத்திருக்க முடியும் என்று மட்டும் நம்ப முடியவில்லை. விசுவாசம் இருந்த அறையில் பயம் குடிவந்துவிட்டது, வாடகையும் கொடுப்பதில்லை.

ரீட்டா அக்கா தெல்தோட்டைக்காரர். புருஷன் இல்லை. மகள் குவைத்தில் வீட்டு வேலை. வருகிறேன், வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அந்தச் சொல்லில்தான் உயிரை வைத்திருந்தார். ஒரு முறை கடும் காய்ச்சலில் கிடந்தபோது அண்ணன் பக்கத்தில் இருந்து செபித்தார். காய்ச்சல் விட்டது. அன்றிலிருந்து அண்ணன் சொல் அக்காவுக்கு வேதம்.

சாம்பல் நிறத்தில் ஒரு நாய் பனியோடு வந்து போர்டிங்கின் பின்பக்கம் சேர்ந்தது. அக்கா சோறு வைப்பார். ஒரு நாள் அது சாப்பிடவில்லை. சுவருக்கு முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. கீழ்த்தாடை தொங்கியது. இல்லாத ஒன்றைக் காற்றில் கவ்வியது. குரைக்க வாய் திறந்தால் குரைப்பு வரவில்லை. தூரத்தில் யாரோ அழுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அக்கா அதற்கு நோவு என்று நினைத்து, சோற்றை உருட்டி வாய்க்குக் கிட்டே நீட்டினார். வலது உள்ளங்கையில் கடித்தது. கடித்துவிட்டு எங்களைத் திரும்பியும் பார்க்காமல் ரோட்டில் நேராக நடந்தது. ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்தும் விலகவில்லை. பனி அதை மூடியது. பிறகு அந்த நாயை யாரும் பார்க்கவில்லை.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வைத்தேன். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அக்கா மஞ்சளைத் தேடினார்.

"ஊசி எனக்கு வேணாம் தம்பி."

நான் மடுல்கெல்லயில் வேலை செய்தபோது, தோட்ட வீட்டு வரிசையான லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த மனுஷரை விசர்நாய் கடித்தது. சின்னக் காயம், மறந்துபோனார். வெகு நாள் கழித்து ஒரு காலையில் தண்ணீர் கேட்டார். கொடுத்த கோப்பையைப் பார்த்ததும் தொண்டை இழுத்து, கோப்பையைத் தட்டிவிட்டார். மறுபடி தண்ணீர் கேட்டார். மறுபடி தட்டினார். காற்றுப் பட்டாலே துடித்தார். அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது தொடங்கிவிட்டால் மருந்தில்லை என்று தோட்டத்து டாக்டர் சொன்னார். தொடங்குமுன் போட்டால் ஒன்றும் ஆகாதாம். இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அக்கா மஞ்சள் தேடுவதை நிறுத்தினார். ஆனாலும், அண்ணன் வரட்டும், அண்ணன் போகச் சொன்னால் போகிறேன் என்றார்.

அண்ணன் வந்தார். கையைப் பார்த்தார். செபிப்போம் என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அவருக்கும் நாய்க்கடி தெரியும். தோட்டத்தில் பிறந்த யாருக்குத் தெரியாது?

அக்காதான் பேசினார். "அண்ணே, ஊசிக்குள்ள அது இருக்குன்னு சொல்றீங்களே, நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்கல தங்கச்சி."

"யாரு பார்த்தா?"

"போன்ல வந்திச்சி."

"அனுப்பினவங்கள தெரியுமா?"

அண்ணன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

"சேசுவ நானும் பார்க்கலதான். அவர நம்பிக்கிட்டு இருக்கேன். அது வேற. ஆனா பொய்ச்சாட்சி சொல்லாதேனு கட்டளை இருக்கே அண்ணே. பார்க்காதத பார்த்த மாதிரி சொல்றது அதுதானே?" கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இப்ப நீங்க சொல்லுங்க. போகவா, வேணாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அத செய்றேன்."

அடுப்பில் ஈர விறகு புகைந்தது. ஒரு ஆளின் உயிரை உள்ளங்கையில் வைத்து நீட்டினால் வாங்கிக்கொள்வது எவ்வளவு பாரம் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். கோபுரத்தில் காது வைத்தபோதுகூட அவர் அப்படிப் பயந்திருக்கவில்லை.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார் கடைசியில். "தெரியாமத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். கெளம்பு, போவோம்."

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து இளம் டாக்டர் ஒருவர். காயத்தைப் பார்த்துவிட்டு, தோளில் தடுப்பூசி போடுவதோடு, கடித்த இடத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்ற வேண்டும் என்றார். அக்கா திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"வலது கையிலயா ஐயா?"

"ஓம். கடிச்ச இடத்திலதான் போட வேணும்."

"இடது கையில போட முடியாதுங்களா?"

டாக்டர் பொறுமையானவர். "நாய் இடது கையில கடிச்சிருந்தா அதில போட்டிருப்பன் ஐயா."

முதலில் ஒரு துளி மட்டும் தோலில் போட்டு, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க எங்களை வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்க வைத்தார்கள். நீளமான வராந்தா. யாரும் இல்லாத சக்கர நாற்காலி ஒன்று தானாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்து நான் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன். ஓடவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா உள்ளங்கையை விரித்து நீட்டி, மறுபடி மூடிக்கொண்டார். சிங்களத் தாதி, மணிக்கட்டை யாராவது அசையாமல் பிடித்தால் நல்லது என்று அரைத் தமிழில் சொன்னார். நான் எழுவதற்குள் அண்ணன் போய்விட்டார். உறையோடு பிடித்தார், வழுக்கியது. உறையைக் கழற்றினார். அந்தக் கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்லுக்கடியில் முளைத்த செடி மாதிரி வெளுத்து, மெத்தென்று இருந்தது. வேறு யாருடைய கையோ அவருக்குத் தைக்கப்பட்ட மாதிரி. அந்தக் கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊசி இறங்குகிற இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோனார். வேறு எங்கும் பார்க்கவில்லை.

"பயப்படாத தங்கச்சி" என்றார். "நானே பார்த்துக்கிட்டு இருக்கேன். மருந்துதான் போகுது. வேற ஒண்ணும் போகல."

அக்கா கத்தவில்லை. அண்ணனின் கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது. டாக்டர் அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். தொப்பியை விடவில்லை. போனில் வந்ததைக் கோவில் வாசலில் சொல்வதை மட்டும் விட்டார். அதற்குப் பதிலாக, யார் எதைச் சொன்னாலும் "நீ பார்த்தியா?" என்று கேட்கத் தொடங்கினார். அரிசி விலை ஏறுதாம் என்றால் பார்த்தியா. பக்கத்து வீட்டில் சண்டையாம் என்றால் பார்த்தியா. முன்னைவிட இது பெரிய தொல்லை. மிச்ச ஊசிகளுக்கெல்லாம் அக்காவோடு அவர்தான் போனார். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் வந்தாள்.

அதெல்லாம் பிறகு. ஊசி போட்டதற்கு மறுநாள் காலை நான் தம்புள்ளைக்குப் போகிற லொறியில் ஏறுவதாக இருந்தேன். சந்தையில் மூட்டை தூக்க ஆள் கேட்டிருந்தார்கள். அக்காவின் கை கட்டோடு வீங்கிக்கிடந்தது. அடுப்பு பற்றவைக்க ஆளில்லை. லொறியை விட்டுவிட்டு, போர்டிங் சமையல் வேலையை எடுத்துக்கொண்டேன். என் பருப்பு அடிப்பிடித்தது. அக்கா கதவில் சாய்ந்து நின்று, தம்பி, தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வந்து, திருவலைக்கு முன்னால் குந்தித் தேங்காய் திருவினார். திருவி முடித்து, தேங்காய்ப்பூவை என் பக்கம் தள்ளிவிட்டு, "நாளைக்கு சம்பலுக்கு மாசிக் கருவாடு வாங்கிட்டு வரவா?" என்று கேட்டார்.

நாளைக்கு என்று யாரிடமும் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"வாங்கிட்டு வாங்கண்ணே" என்றேன்.