சிங்கப்பெருமாள் கோவில் மலையில் நான் பிடித்த வண்டு

மேற்குத் தாம்பரம்,
18 ஆகஸ்டு 1966

கர்த்தருடைய கிருபையால் நாசரேத்தில் சுகமாயிருக்கும் மச்சான் அசரியா வாத்தியார் அவர்களுக்கு, லாசரஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ரத்தினபாயும் சுகம். எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உங்கள் மகள் ஞானசௌந்தரிக்குத்தான் சுகமில்லை. உடம்பு அல்ல, உத்தியோகம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பூச்சிப் படிப்பு வேண்டாம், டீச்சர் டிரெயினிங் போதும் என்றேன். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் ஆழமாகப் படித்தவன் பேச்சை நீங்கள் எங்கே கேட்டீர்கள்? இப்போது பெருங்களத்தூர் மியூசியத்தில் செத்த பூச்சிகளுக்கெல்லாம் அவள்தான் வார்டன். ஒவ்வொன்றையும் ஊசியில் குத்தி, அடியில் நகம் அகலச் சீட்டில் பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எழுதி, பாச்சா உருண்டை போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். சீட்டு இல்லாத பூச்சி வெறும் குப்பை என்பாள்.

மார்ச் மாதம் அவளுக்கு நான் ஒரு வண்டு கொடுத்தேன். கட்டைவிரல் பருமன், பச்சை நிறம், தலையில் மான் மாதிரிக் கொம்பு. "எங்க கிடைச்சுது மாமா?" என்றாள். சிங்கப்பெருமாள் கோவில் மலை உச்சியில், ஒரு இலுப்பை மரத்தில், சிறுத்தை பார்த்துக்கொண்டிருக்கக் கைக்குட்டையால் அமுக்கினேன் என்றேன். சிறுத்தையை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டாள். 'பிடித்தவர்: எஸ். லாசரஸ்.' போஸ்ட்மேனைக்கூட அழைத்துப்போய் அந்தச் சீட்டைக் காட்டினேன்.

வண்டின் படம் லண்டனுக்குப் போயிற்று. இது பர்மாக் காட்டு வண்டு, மெட்ராஸ் பக்கம் இருக்கவே முடியாது என்று அங்கிருந்து பதில். இருக்க முடியாதது இருக்கிறதென்றால் பெரிய கண்டுபிடிப்பல்லவா? மியூசியத் தலைவர் ஸ்ரீநிவாசன் சார் குதித்தார், சௌந்தரி கட்டுரை எழுதினாள், அச்சிலும் வந்துவிட்டது. உடனே கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய நிபுணர், இரண்டாவது வண்டைக் காட்டுங்கள், நேரில் வருகிறேன் என்று தந்தி!

அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் பிள்ளை மலை ஏறுகிறாள். இடம் காட்ட நானும் போகிறேன். "போன வாரம் வேற மரம் காட்டினீங்களே மாமா?" என்கிறாள். "மரம் வளருதில்ல?" என்றேன். பஸ்ஸுக்குக் கூடையோடு நின்ற மீன்காரி முத்தாலம்மாள், "இன்னாம்மா, வலைய தூக்கிகினு மலை ஏறுறே? மீனு கடல்ல கீது!" என்றாள். வண்டு தேடுகிறோம் என்றதும், "வண்டா? எங்கூட்டு அரிசில கீது, வந்து அள்ளிக்கினு போ!" என்று சிரித்தாள். சௌந்தரி சிரிக்கவில்லை.

நேற்று ஸ்ரீநிவாசன் சார் என் எதிரிலேயே சொல்லிவிட்டார்: "அடுத்த வெள்ளிக்கிழமை கல்கத்தாக்காரர் வர்றார். இந்தச் சீட்டு பொய்னா, நீங்க எழுதின மத்த சீட்டையெல்லாம் யார்மா நம்புவா? அப்புறம் வேலையை நான் பர்மனென்ட் பண்ண முடியாது."

அதற்கு உங்கள் மகள், "சிறுத்தை மாதிரி ஏதாவது மாமா கூட்டிச் சொல்லுவார் சார். ஊர்ப் பேர்ல பொய் சொல்ல மாட்டார்" என்றாள். ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நானே நாலு தோசையோடு எழுந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் ஊக்கமாக ஜெபம் பண்ணவும். அக்கா தபீதாளுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் வாசலையும் எங்கள் வாசலையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
எஸ். லாசரஸ்

பி.கு.: மலை மட்டும் நான் சேர்த்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த பக்கத்து வீட்டு ஆனந்தனின் டிரங்குப் பெட்டியை இறக்கும்போது, கம்பளிக்கு நடுவில் அந்த வண்டு செத்துக் கிடந்தது. லண்டன்காரர் சொன்னது சரிதான், நானும் அப்போதே அப்படித்தான் நினைத்தேன். அவளாகவே முந்திக்கொண்டு ஸ்ரீநிவாசன் சாரிடம் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே தந்தி கொடுத்துவிடுங்கள். சீட்டில் ஊரை மட்டும் திருத்தச் சொல்லவும். பெயர் அப்படியே இருக்கட்டும்.