வாத்துத் தட்டு

காலை ஏழே கால். ரெக்ஸ் தன் மகளின் பிளாஸ்டிக் சாப்பாட்டுத் தட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினான்.

ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் அவனுக்குத் தரச் சோதனை வேலை. அங்கே சிவப்பு ஸ்டிக்கர் விழுந்த பொருள் வெளியே போகாது.

"என்னாங்க பண்றீங்க? புள்ள இட்லிக்கு உக்காந்திருக்கு," என்றாள் பிரிஸ்கில்லா.

"அடியில பாரு. எதுல செஞ்சதுன்னு ஒரு குறி கூட இல்ல. இதுல போய் சூடா ரசம் ஊத்தறோம்."

"பொறந்ததுலேந்து இதுலதான சாப்புடுது."

"அதான் பயமா இருக்கு."

தட்டில் ஒரு மஞ்சள் வாத்து குடை பிடித்து நின்றது. வாத்தின் மேல் கிடக்கும் சோற்றைத் தின்று அதை வெளியே எடுப்பதுதான் மூன்று வயது ஜோஸ்லினுக்குச் சாப்பாடு. தட்டு போனதும் வாயை மூடிக்கொண்டாள்.

"தூக்கிப் போடாதீங்க. எதிர்வீட்டு வீராயிக்கா நாய்க்குத் தட்டு கேட்டாங்க."

"நாய்க்கு மட்டும் ஒடம்பு இல்லயா?"

"நாய் ரசம் குடிக்காது."

ரெக்ஸ் யோசித்து, ஒப்புக்கொண்டான்.

ஜோஸ்லினின் எடை குறைவு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாதக் கடைசியில் மறுபடி எடை பார்க்க வேண்டும். பிரிஸ்கில்லாவின் கவலை அதுதான்.

அன்று மாலை ரெக்ஸ் கண்ணாடித் தட்டோடு வந்தான். கம்பெனியில் எதையும் மேசை உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். போட்டுப் பார்த்தான்.

இருவரும் வெகுநேரம் கூட்டினார்கள். கட்டிலில் நிறுத்தி வைக்கப்பட்ட ஜோஸ்லின் கை தட்டினாள்.

"இன்னொரு தட்டு போடு டாடி."

"கண்ணாடின்னா ஒடையும்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"ஒடையாதுன்னு அட்டையில போட்டிருந்தான்."

அடுத்து, பிரான்ஸிலிருந்து பெரியம்மா அனுப்பிய பீங்கான் தட்டை அலமாரியிலிருந்து இறக்கினாள் பிரிஸ்கில்லா. நடுவில் ஒரு சிவப்புப் பூ. ரெக்ஸ் கவிழ்த்துப் பார்த்தான். பிரான்ஸ் என்று எங்கும் இல்லை.

"பெயின்ட்ல ஈயம் இருந்தா?"

ஞாயிற்றுக்கிழமை செய்யவிருந்த பன்றிக்கறிக்கு வாங்கிய வினிகர் முழுவதையும் தட்டில் ஊற்றி மூடி வைத்தான். மறுநாள் திறந்தால் வினிகர் ரோஜா நிறத்தில் இருந்தது. பூவைக் காணோம்.

"பாத்தியா? இது புள்ள வயித்துக்குள்ள போயிருக்கும்."

"பெரியம்மா வீடியோ கால்ல வந்து தட்ட காட்டுன்னா நான் எத காட்றது?"

"வினிகர காட்டு."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெறும் சாம்பார்.

அதன்பின் மூங்கில் தட்டு வந்தது. மூங்கில் தூளைப் பிசினில் குழைத்து அழுத்தியது என்று ரெக்ஸ் கண்டுபிடித்தான். என்ன பிசின் என்று கடைக்காரரைக் கேட்டான். அவர் போனை வைத்துவிட்டார். சிவப்பு ஸ்டிக்கர்.

ஜோஸ்லின் வீட்டில் இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. மாலையானால் எதிர்வீட்டு நாயோடு விளையாடப் போவாள். திரும்பி வந்ததும் தூங்கிவிடுவாள்.

"புள்ள சோந்து போவுதுங்க. ஒங்க சோதனையெல்லாம் டப்பாவோட வெச்சிக்கங்க," என்றாள் பிரிஸ்கில்லா.

ரெக்ஸ் பயந்துபோனான். நேராகப் பாத்திரக் கடைக்குப் போய், பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒவ்வொரு எவர்சில்வர் தட்டிலும் வைத்தான்.

"சார், பொண்ணு பாக்க வந்தவங்க கூட எங்க வீட்ல இவ்ளோ சோதிக்கல," என்றார் கடைக்காரர்.

கடைசியில் காந்தம் ஒட்டாத நல்ல எவர்சில்வராக ஒரு தட்டு தேறியது. அதில் ஜோஸ்லின் என்று பெயர் வெட்டி வாங்கி வந்தான்.

ஜோஸ்லின் அதைக் கையில் வாங்கினாள். அப்பாவைப் போலவே கவிழ்த்துப் பார்த்தாள்.

"வாத்து இல்ல. ஸ்டிக்கர் ஒட்டு டாடி."

மாதக் கடைசி வந்தது. டாக்டர் ஜோஸ்லினை எடை மிஷினில் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிறுத்தினார்.

"நல்லா கூடியிருக்கே! என்னம்மா குடுக்கறீங்க?"

பிரிஸ்கில்லா ரெக்ஸைப் பார்த்தாள். ரெக்ஸ் தொண்டையைச் செருமினான்.

"என்ன குடுக்கறோம்ன்றது முக்கியமில்ல டாக்டர். எதுல குடுக்கறோம், அதுதான்."

பையிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். காந்தத்தையும் வைத்தான். டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது பிரிஸ்கில்லா வண்டியின் பின்னால் உட்கார்ந்து தட்டை மடியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

"கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி."

கல்யாணமானதிலிருந்து ரெக்ஸ் கேட்காத வாக்கியம் அது. வீடு இருக்கும் கருவடிக்குப்பம் வரை வண்டியை மெதுவாக ஓட்டினான்.

வாசலில் வீராயி நின்றிருந்தாள். நாயும் நின்றது. ஜோஸ்லின் இறங்கி இருவரையும் தாண்டி எதிர்வீட்டுக்குள் ஓடினாள்.

"நல்லவேளை வந்துட்ட தம்பி," என்றாள் வீராயி. "பாப்பா தெனம் சாயங்காலம் வந்து அந்த வாத்துத் தட்டுல ரெண்டு வாட்டி சோறு வாங்கி சாப்புடுது, அது முடிக்கற வரைக்கும் இது பட்டினியா ஒக்காந்திருக்கு, நாய்க்கு வேற தட்டு ஏதாச்சும் குடேன்?"