முன் சக்கரமும் முருகன் படமும்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் டெஸ்ட் லைட்டிடம் திட்டு வாங்காத தமிழன் ஒருவன் இருந்தான் என்றால், அவன் தோட்டத்துக்குக் கரண்டு வருவதற்கு முன்பே செத்துப்போனவனாகத்தான் இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். டெஸ்ட் லைட் அங்கே வயர்மேன். ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி, நடுவே குட்டி பல்பு வைத்த சோதனை விளக்கு எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அதுவே அவர் பெயராகிவிட்டது. கல்யாணமாகாத மனிதர். அந்த வாய்க்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஒருமுறை தீமிதித் திருவிழாவில் மைக் செத்துப்போனது. டெஸ்ட் லைட் வந்து வயரைச் சரி செய்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்க அதே மைக்கில் கோயில் தலைவரை ஒரு பிடி பிடித்தார். "தலைவரு மாலைக்கு மட்டும் கழுத்த நீட்டுறாரு! ஒரு நல்ல வயரு வாங்க கை நீள மாட்டேங்குதுலா!" பின்வரிசையில் நின்றவர்கள் சாமி வந்து பேசுவதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயங்கள் பள்ளத்தில் இருந்தன. பெரிய சாலைக்குப் போக ஒரு செம்மண் மேடு ஏற வேண்டும். மழை பெய்தால் அந்த மேடு வழுக்குப் பாறைதான். தோட்டத்துப் பழைய பிக்கப்பில் ஃபோர்வீல் பொத்தானை அமுக்கினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், வண்டி ஏறிவிடும். ஒரு வருடம் திடீரென்று அது வேலை செய்யவில்லை. புது ஃபியூஸ் போட்டால் சமதரையில் பொத்தானின் பச்சை விளக்கு அழகாக எரியும். மேட்டில் பாதி ஏறியதும் அணைந்துவிடும். பிறகு வண்டி வந்த வழியே பின்னால் வழுக்கும்.

சிரம்பானில் ஒரு சீன மெக்கானிக் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். லுக்குட்டில் நம்ம ஆள் ஒருவரும் பார்த்தார். வண்டியில் அவர்கள் தொடாத ஒரே இடம், டாஷ்போர்டில் டிரைவர் மாணிக்கம் பொருத்தியிருந்த முருகன் படம். இரண்டு பேரும் அதைக் கும்பிட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றினார்கள்.

புதிதாக வந்திருந்த மேனேஜர் தொரை நம்ம இனம்தான். ஆனால் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேச மாட்டார். சனிக்கிழமைக்குள் வண்டி மேடு ஏறாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். வண்டி போனால் மாணிக்கத்தின் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டத்துச் சட்டம் அதுதான்.

மாணிக்கம் டெஸ்ட் லைட்டிடம் வந்து நின்றான். "அண்ணே, நீங்கதான் பாக்கணும்."

"சிரம்பானு, லுக்குட்டு எல்லாம் சுத்திட்டு இப்பத்தான் என் மூஞ்சி ஞாபகம் வந்துச்சா? ஏறுடா வண்டியில."

ஃபியூஸ் போயிருந்தது. புதிது போட்டார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கால்களை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, "மேட்டுல ஏத்து!" என்றார். வண்டி பாதி மேடு ஏறியது, வழுக்கியது. பின்னோக்கி இறங்கிய வண்டியின் ஜன்னலில் இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து லயமே சிரித்தது. உள்ளே இருந்து வந்த வசவுகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

"நிறுத்துடா! முருகன கழட்டு!"

"ஐயோ அண்ணே, ஆயுத பூசைக்கு வச்ச சாமி!"

"அவரு மயில்ல போறவருடா, அவருக்கு எதுக்கு ஃபோர்வீலு?"

படத்தை அவரே கழற்றினார். மாணிக்கம் ஆயுத பூசையன்று துளை போட்டு முடுக்கிய நீளத் திருகாணி, பின்னால் ஓடிய வயரின் தோலைச் சீவியிருந்தது. மேட்டில் வண்டி குலுங்கும்போது வயர் ஆணியில் பட்டு ஃபியூஸ் போயிருக்கிறது. வயருக்கு டேப் சுற்றி, இன்னொரு ஃபியூஸ் போட்டு, முருகனைப் பசை போட்டு ஒட்டினார். பிக்கப் மேட்டில் விறுவிறுவென்று ஏறியது.

சனிக்கிழமை தொரை ஏறிப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். டெஸ்ட் லைட்டுக்கு வாய் சும்மா இருக்குமா? எந்தக் கழுதையோ ஆணியை வயரில் முடுக்கியிருந்த கதையைத் தொரையிடமே அவிழ்த்துவிட்டார்.

"யார் துளை போட்டது?" என்றார் தொரை. திட்டும்போது மட்டும் அவருக்குத் தமிழ் வரும்.

மாணிக்கத்தின் முகம் செத்துவிட்டது. டெஸ்ட் லைட் அவனை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் தொரை."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "கிராணி, ஒன் வேலயப் பாரு."

வயர்மேன் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடத் தொரை ஏற்கெனவே காரணம் தேடிக்கொண்டிருந்தார். காரணம் தானாக நடந்து வந்து எதிரில் நின்றது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆயுத பூசையன்று அந்தப் படத்துக்குச் சூடம் காட்டிய கூட்டம் முழுவதும் அங்கேதான் நின்றது. ஒவ்வொருவராக வீட்டுக்குக் கழன்றுகொண்டார்கள். மாணிக்கமும்தான்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சண்டை போட்டேன்.

"அவனுக்கு நாலு புள்ளைங்க. என் வீட்டுல ஒரு பூனகூட கெடையாது. இதுகூடவா வெளங்கல? ஒன்னய எவன்யா கிராணியாக்குனது?"

அவர் போன நாளில் நல்ல மழை. ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தான் சாமான். மாணிக்கம்தான் பிக்கப்பை ஓட்டினான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்சை ஏன் இப்படி மிதிக்கிறாய் என்று டெஸ்ட் லைட் அவனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். மேட்டில் செம்மண் சேறு ஆறாக ஓடியது. வண்டி ஓரிடத்திலும் வழுக்காமல் ஏறி, மறுபுறம் மறைந்தது.

அன்று ஒரு நாள் மட்டுமாவது அது சேற்றில் மாட்டிக்கொள்ளாதா என்று மழையில் நின்று வேண்டிக்கொண்டிருந்தேன்.